சந்தேகத் தோழர்

அத்தைக்கு அந்தப் பெயர் கட்சியின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வந்தது. சைக்கிள் கடைக்கு மேலே இருந்த சங்க அலுவலகத்தில், வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் வரலாற்றின் விதிகளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். இயற்கைக்கு விதி இருப்பதுபோலச் சமுதாயத்துக்கும் விதி உண்டு, தண்ணீர் கொதித்தால் ஆவியாவதை எப்படித் தடுக்க முடியாதோ அப்படி நம் வெற்றியையும் தடுக்க முடியாது என்றார். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார்.

"ஒரு சந்தேகம், தோழர்."

"கேளுங்க."

"தண்ணி ஆவியாகும்னு யாராவது நம்பலைன்னா அடுப்பில வெச்சுக் காட்டிடலாம். நம்ம வெற்றியை எதில வெச்சுக் காட்டறது?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பேச்சாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா வரலாறே காட்டும், தோழர்."

"சரிங்க. ஒருவேளை காட்டலைன்னா, விதி தப்புன்னு நாம ஒத்துக்குவோமா?"

நல்லவேளையாக அந்த நேரத்தில் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களோடு படியேறி வந்தார். பேச்சாளர் பிழைத்தார். அடுத்த ஞாயிறு முதல் அத்தையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "சந்தேகத் தோழர் வந்தாச்சா? அப்ப கூட்டம் சீக்கிரம் முடியாது" என்பார்கள். அதில் அப்போது கேலியைவிடப் பிரியம்தான் அதிகம். அத்தைக்கும் அது பிடித்திருந்தது. "ஊர்ல அவனவன் டாக்டர், வக்கீல்னு பட்டம் வாங்கறான். எனக்கு இது போதும்" என்பார்.

அத்தை என்று நான் சொல்வது என் அம்மாவின் அண்ணன் மனைவியை. நான் பிறப்பதற்கு முன்பு நடந்தவற்றை அவர் வாயாலும் அம்மா வாயாலும் கேட்டேன். மீதியைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவர் வேலை பார்த்தது அரசாங்கத்தின் விதைப் பரிசோதனை நிலையத்தில். வியாபாரிகள் விற்கும் விதையில் ஒரு கைப்பிடி அங்கே வரும். அதை ஈரத் தாளின் மேல் வரிசையாகப் பரப்பி, தட்டில் வைத்து, வெதுவெதுப்பான அலமாரிக்குள் அடுக்க வேண்டும். சில நாள் கழித்துத் திறந்து, முளைத்தது எது, முளைக்காதது எது என்று அட்டையில் குறிக்க வேண்டும். ஆயுள் முழுக்க அதே வேலை. கேட்பவர்களுக்கு அலுப்பாகத் தோன்றும். அத்தைக்கு அலுக்கவில்லை. பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதத்தோடு வரும் விதைகளும் உண்டு. "அந்தக் கடிதத்தை எல்லாரும் படிப்பாங்க, விதை மட்டும் படிக்காது" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு வரும்.

மாமா நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். அந்த ஆலையில் நூற்ற நூலை எடை போட்டுத்தான் கூலி. தராசின் முள் மேஸ்திரி பக்கம் பார்த்தபடி இருக்கும். அவர் சொல்வதுதான் எடை. மாமாவும் அவருடைய ஆட்களும் செய்த முதல் வேலைநிறுத்தம் கூலி உயர்வுக்காக அல்ல. முள்ளை எங்கள் பக்கமும் திருப்பு என்பதற்காக. ஆலை பல வாரம் மூடிக்கிடந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் முகம் உள்ள தராசு வந்தது, மாமாவுக்கு வேலை போனது. சங்கத்தின் முழுநேரச் செயலாளர் ஆனார். "நான் உங்க மாமாவை ஆசைப்படறதுக்கு முன்னாடி அந்தத் தராசைத்தான் ஆசைப்பட்டேன்" என்று அத்தை ஒருமுறை என்னிடம் சொன்னார். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, எதிர்க்கடையில் டீ குடித்து, கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். வேலை போன ஆலைத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டாள் என்று பிறந்த வீடு அத்தையைக் கைகழுவியது.

கூட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் "தோழர், நீங்க" என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா "நீ" என்பார், அத்தை "நீங்க" என்பார். "சமத்துவம் செருப்போட வாசல்லயே நின்னுடுது, பாத்தியா?" என்று அத்தை சிரிப்பார். மாமா சிரித்துவிட்டு, "சரி நீயும் நீன்னே சொல்லேன்" என்பார். அத்தைக்கு வாய் வரவில்லை.

கல்யாணமான புதிதில் அத்தை எழுத ஆரம்பித்தார். கட்சியின் மாத இதழில் வந்த அவருடைய கட்டுரைகளில் ஒரே கருத்துதான் பல வேஷத்தில் திரும்பத் திரும்ப வரும். அறிவியல் என்பது மூளை பெரிதாக இருப்பவர்களின் சொத்து அல்ல. எல்லாரும் எட்டிப் பார்க்கும்படி முள்ளைத் திருப்பி வைப்பதற்குப் பெயர்தான் அறிவியல். அரசர் சொன்னார், குரு சொன்னார், முதலாளி சொன்னார் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளாமல், நீயே வந்து பார் என்று சொல்வது. பொதுவுடைமையும் அதேதான். நிலமும் ஆலையும் பொதுவாவதற்கு முன்னால் சரிபார்க்கும் உரிமை பொதுவாக வேண்டும், அது இல்லாமல் மற்றதெல்லாம் பொதுவாகி என்ன பயன் என்று எழுதினார். நாங்களே சொன்னாலும் சரிபாருங்கள் என்று ஒரு கட்டுரையை முடித்திருந்தார். பத்திரிகை ஆசிரியர் அந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போட்டார். போடும்போது யாருக்கும் அது உறுத்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குளிர்விதை வந்தது.

தலைமையில் இருந்த ஒரு விஞ்ஞானி கண்டுபிடித்த முறை அது. விதையை ஊறவைத்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வாரக்கணக்கில் கிடத்தி, பிறகு விதைத்தால் வறண்ட மண்ணிலும் இரட்டிப்பு விளையும், அந்தக் குணம் அடுத்த தலைமுறை விதைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். கட்சி இதழ் தனி இணைப்பே போட்டது. ஊருக்கு வெளியே நிலமில்லாதவர்களைச் சேர்த்துக் கட்சி ஒரு கூட்டுப்பண்ணை வைத்திருந்தது. ஐஸ் ஆலைச் சங்கம் நம்முடையது. எல்லாம் கைகூடி வந்தது.

அதை எல்லாரையும்விட அதிகம் நம்பியவர் அத்தை. வளர்ப்பு மாறினால் விதையே மாறும் என்பது மனிதர்களுக்கும் பொருந்தும் அல்லவா? தலைமுறை தலைமுறையாக மிதிபட்டவர்கள் ஒரே தலைமுறையில் நிமிர முடியும் என்பதற்கு மண்ணே சாட்சி சொல்லப்போகிறது என்று நினைத்தார். ஐஸ் வண்டி போகும்போதெல்லாம் லீவு போட்டுவிட்டுப் பண்ணைக்குப் போனார். சாக்கை விரித்து, ஐஸை உடைத்து, கை மரத்துப்போகும்வரை விதையைப் புரட்டினார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"பாதி நிலத்தில சாதாரண விதை போடுங்க."

"எதுக்கும்மா? நல்லது ஒண்ணு கையில இருக்கும்போது கெட்டதை எதுக்குப் போடறது?" என்று பண்ணைத் தலைவர் கேட்டார்.

"பக்கத்தில அது இல்லைன்னா, இது நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

மாமா தலையிட்டு, "சந்தேகத் தோழர் கேட்டா குடுத்துடணும், விடமாட்டாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நிலத்தை இரண்டாகப் பிரித்தார்கள்.

முதல் அறுவடையில் குளிர்விதைச் சோளம் ஆள் உயரத்துக்குமேல் நின்றது. பக்கத்துப் பாதி இடுப்பளவுதான். அத்தை அன்று பண்ணைப் பெண்களோடு சேர்ந்து கதிர் சுமந்தார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுதியதிலேயே மிக அழகானது அதுதான் என்று அம்மா சொல்வார். இதழ் தீர்ந்துபோய் மறுபடி அச்சடித்தார்கள்.

பிறகு ஒரு நாள், அலுவலகத்தில் தட்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அத்தைக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. குளிர்விதை போட்ட பாதி, வாய்க்கால் ஓரம் இருந்த பாதி.

அடுத்த விதைப்புக்கு நிலத்தை மாற்றச் சொன்னார். சாதாரண விதை வாய்க்கால் பக்கம், குளிர்விதை மேட்டுப் பக்கம். இந்தமுறை மேட்டில் பாதி விதை முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் அழுகிக் கிடந்தது. வாய்க்கால் ஓரத்தில் சாதாரணச் சோளம் ஆள் உயரம் நின்றது. அத்தை வரப்பில் உட்கார்ந்து அழுதார். பண்ணைத் தலைவர் சற்றுத் தூரத்தில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய அறிக்கை மாவட்டக் குழுவில் வாசிக்கப்பட வேண்டும். அப்போது கட்சியின் மாவட்டச் செயலாளராகவும் இருந்த மாமாதான் குழுவுக்குத் தலைமை. முந்தின நாள் சாயங்காலம் அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது மாமா கதவில் சாய்ந்து நின்றார்.

"எழுதி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"இந்தக் கூட்டத்திலேயே வாசிக்கணுமா? தேர்தல் வருது. எதிர்த்தரப்புப் பத்திரிகைக்காரங்க எப்படா எப்படான்னு நிக்கறாங்க. ஒரு ஆறு மாசம் தள்ளிப் போடேன்."

"ஆறு மாசத்தில அடுத்த விதைப்பு வந்துடும். அந்த ஜனங்க மறுபடியும் ஐஸைத் தூக்கிட்டுப் போய் நல்ல விதையை அழுகவிடுவாங்க. அதையும் நான் பார்த்துட்டு இருக்கணுமா?"

"நீ சொல்றது பொய்னு நான் சொல்லலை."

"அப்புறம் என்ன?"

மாமா உள்ளே வந்தார். துண்டை எடுத்து, கழுவிய தட்டு ஒன்றைத் துடைத்தார். அவர் வழக்கமாகச் செய்யாத வேலை அது.

"அவங்ககிட்ட வேற எதுவும் கிடையாது. இந்த நம்பிக்கையையும் உடைச்சுட்டா, அதுக்குப் பதிலா என்ன குடுப்பே?"

அத்தையிடம் அதற்குப் பதில் இல்லை. இல்லை என்று மாமாவிடம் சொல்லவும் செய்தார். ஆனாலும் மறுநாள் அறிக்கையை வாசித்தார்.

முழுவதையும் தலைநிமிராமல் வாசித்ததாகச் சொன்னார். முடித்ததும் பத்திரிகை ஆசிரியர் எழுந்தார். "தோழருக்கு விதை மேல இருக்கற நம்பிக்கை மக்கள் மேல இல்லை" என்றார். மேட்டு நிலத்தில் பண்ணைக்காரர்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று தோழர் குற்றம் சாட்டுகிறாரா என்று ஒருவர் கேட்டார். பண்ணைத் தலைவரைக் கேட்டபோது, "கட்சி என்ன சொல்லுதோ அது சரியா இருக்கும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். தனிமனிதவாதம், இயக்கத்தின் மீது அவநம்பிக்கை என்று தீர்மானம் எழுதினார்கள். உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கம். கை தூக்கச் சொன்னபோது அத்தை மேஜைமேல் இருந்த மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீக்கக் கடிதத்தில் செயலாளர் கையெழுத்து வேண்டும். மாமா கையெழுத்துப் போட்டு, சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிட்டு முடித்தபின் கொடுத்தார். அத்தை பிரித்துப் படித்தார்.

"தபால்ல அனுப்பியிருக்கலாமே?"

"ஒரே வீடு. ஸ்டாம்பு எதுக்கு வீணா."

"சிக்கனமான கட்சி."

மாமா சிரித்துவிட்டார். பிறகு, சிரித்தது தப்பு என்பதுபோல எழுந்து கை கழுவப் போனார்.

ஒருவரை ஊரைவிட்டு ஒதுக்க வேண்டுமானால் ஊரைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. அவர்கள் குடியிருந்தது கண்ணாடிக் கடைக்கு மேலே முன்னறை, பின்னறை என்று இரண்டே அறை. முன்னறையில்தான் குழுக் கூட்டங்கள் நடக்கும். முன்பெல்லாம் அத்தை நடுவில் உட்கார்ந்து வாதாடுவார். இப்போது அவர் பின்னறையில், நடுக்கதவு சாத்தியிருக்கும். வருகிறவர்கள் வாசலில் அவருடைய செருப்பைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாரும் இல்லையா?" என்று மாமாவைக் கேட்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கதவுக்குப் பின்னால் வார்த்தை கேட்காது, முணுமுணுப்பு மட்டும் கேட்கும். நடுநடுவே சிரிப்பு. சிரிப்பு கேட்கும்போதுதான் கஷ்டமாக இருக்கும் என்றார் அத்தை. திட்டினால் என்னைத்தான் என்று தெரியும், சிரித்தால் எதற்கு என்று தெரியாது.

அலுவலகத்திலும் ஆறுதல் இல்லை. அங்கே அவர் என்றைக்கும் சிவப்பு ஆள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் தங்கள் பெயரும் எங்காவது ஏறிவிடும் என்று சக ஊழியர்கள் பயந்தார்கள். கட்சியை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருந்தால் பயம் போயிருக்கும், ஒருவேளை பதவி உயர்வுகூடக் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டை அலமாரிகள் இருந்த சூடான அறையில், தட்டுகளோடு தட்டாக உட்கார்ந்து முடித்துக்கொள்வார்.

ஒரு நாள் எதிர்த்தரப்புப் பத்திரிகையின் நிருபர் படியேறி வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. "நீங்க சொல்லுங்க, முதல் பக்கத்தில போடறோம். உங்களுக்கு நடந்தது அநியாயம்" என்றார்.

"அநியாயம்தான்" என்றார் அத்தை. "ஆனா அது எங்க வீட்டுச் சண்டை. நான் சொல்ல வேண்டியதை எங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். டீ சாப்பிடறீங்களா?"

நிருபர் டீ வேண்டாம் என்று இறங்கிப் போனார். அவர் இறங்குவதைக் கண்ணாடிக் கடை வாசலில் நின்ற ஒரு தோழர் பார்த்துவிட்டார். அன்று மாலைக்குள் சங்க அலுவலகம் முழுக்கச் செய்தி பரவியது. மாமா வந்ததும் கேட்டார்.

"அவன் எதுக்கு வந்தான்?"

"கேக்க வந்தான்."

"என்ன சொன்னே?"

"டீ சாப்பிடறீங்களான்னு கேட்டேன்."

மாமா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். அவர் நம்பினார் என்பது அத்தைக்குத் தெரிந்தது. எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரிகூட வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்தது. ஆனாலும் அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று மாமா ஒரு கூட்டத்திலாவது எழுந்து சொல்வார் என்று அத்தை காத்திருந்தார். நடுக்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, முணுமுணுப்பில் அந்த ஒரு வாக்கியத்தைத் தேடினார். மாதங்கள் போயின. பிறகு தேடுவதை விட்டுவிட்டார். அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. பருப்பு தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, தங்கை வீட்டிலிருந்து ஆள் வந்தது என்று பேசிக்கொண்டார்கள். குழந்தை இல்லாத வீட்டில் பேச வேறு விஷயமும் இல்லை.

அந்த வருஷங்களில்தான் அத்தை உண்மையாகவே யோசித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பு எழுதியதெல்லாம் கைதட்டலுக்கு நடுவில் எழுதியது. இப்போது படிக்க ஆள் இல்லை. அலுவலகத்தில் கழித்துப்போட்ட அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதுவார், ஒரு வாரம் எழுதியதை அடுத்த வாரம் அடிப்பார். நான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த காலம் அது. வழியில் அவர்கள் வீட்டில் நுழைந்தால், கேட்க ஒரு காது கிடைத்தது என்று பேசுவார்.

"முளைக்காதது எல்லாம் செத்த விதை இல்லை, தெரியுமா? சிலது தூங்கும். அவசரப்பட்டுச் செத்ததுன்னு அட்டையில எழுதிட்டா எழுதினதுதான். அன்னைக்குக் கை தூக்கினவங்களை நான் அப்படி எழுதிடக் கூடாதுன்னு பாக்கறேன். சில நாள் முடியலை."

இன்னொரு நாள் வேறு மாதிரி இருந்தார்.

"உங்க மாமா ஒண்ணு கேட்டார். நம்பிக்கையை உடைச்சுட்டு என்ன குடுப்பேன்னு. இத்தனை வருஷத்தில யாரும் என்னை அவ்வளவு நல்ல கேள்வி கேக்கலை. முள்ளைத் திருப்பி வெச்சாப் போதும், ஜனங்க பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன். பாக்கறதுக்கு ஒரு செலவு இருக்கு. பாதி நிலத்தைச் சோதனைக்கு விடுங்கன்னு சொன்னேனே, அந்தப் பாதியில விளையலைன்னா யார் பட்டினி கிடக்கறது? அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை எழுதலை. எனக்குத் தோணவே இல்லை."

"அப்ப என்ன பண்ணியிருக்கணும்?"

"சோதனையில தோத்த பாதிக்கு எல்லாரும் சேர்ந்து ஈடு கட்டணும். மில்லுல கை போனவனுக்குச் சங்கம் சோறு போடுதில்லே, அந்த மாதிரி, நம்பினது பொய்யாப் போனவனுக்கும் ஒரு சங்கம் வேணும். தப்பாப் போச்சுன்னு சொன்னா சோறு போயிடாதுன்னு தெரிஞ்சாத்தான் மனுஷன் தப்பாப் போச்சுன்னு சொல்லுவான். உண்மையைச் சொல்லுன்னு அவனைத் தனியா நிக்கவெச்சுக் கேக்கறது அறிவியலும் இல்லை, பொதுவுடைமையும் இல்லை."

இதை அவர் கட்டுரையாக எழுதி மாத இதழுக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. திருத்தி மறுபடி அனுப்பினார். அப்புறமும் அனுப்பினார். நீக்கப்பட்டவர் எழுதியதைப் போடுவதில்லை என்பதுகூட அவர்கள் எழுதிச் சொல்லவில்லை.

கூட்டுப்பண்ணை சில வருஷத்தில் தானாகக் கலைந்தது. அதற்கும் வெகுகாலம் கழித்து ஒரு நாள், கட்சி நாளிதழின் ஏதோ ஒரு மூலையில் சிறு குறிப்பு வந்தது. குளிர்விதை முறை இனிப் பரிந்துரைக்கப்படவில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் மேலே வரும்படி மடித்து மாமா அத்தையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தை சாப்பிட்டுக்கொண்டே படித்தார்.

"மறுபடி சேரறதா இருந்தா விண்ணப்பம் குடுக்கலாம்னு பேசிக்கிட்டாங்க" என்றார் மாமா.

"நான் எங்கேயும் போகலையே. திரும்பி வரதுக்கு எதுக்கு விண்ணப்பம்?"

மாமா வற்புறுத்தவில்லை. அவருக்கு அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நாளில் செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். கூட்டங்கள் வேறு இடத்துக்குப் போயின. முன்னறை காலியானது. நடுக்கதவைச் சாத்துவதற்குக் காரணம் இல்லை. ஆனால் பழக்கத்தில் சில சமயம் சாத்திவிடுவார்கள்.

ஒரு நாள் மாமாவே பண்ணை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார். பஸ்ஸில் போனார்கள். அங்கே பண்ணை இல்லை, செங்கல் சூளை இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சூளையிலிருந்து வந்த புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமா சொன்னார்:

"அன்னைக்கு நானும் கை தூக்கினேன்."

அத்தைக்கு முதலில் புரியவில்லை. "தலைமை தாங்கறவங்க ஓட்டுப் போட வேண்டியதில்லையே. ஓட்டு சரிபாதி வந்தாத்தானே போடணும்?"

"தெரியும். எல்லாரும் என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. தூக்கிட்டேன். நீ குனிஞ்சுட்டு இருந்தே."

இத்தனை வருஷமும் அத்தை மனதில் வேறு ஒன்றை வைத்திருந்தார். மாமா வெறுமனே கூட்டத்தை நடத்தினார், கையெழுத்து செயலாளரின் கடமை, மனதளவில் அவர் தன் பக்கம். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இரண்டு அறைகளில் வாழ்ந்தார்.

"இதை ஏன் இப்ப சொல்றீங்க?"

"நீ தப்பா நினைச்சுட்டு இருக்கேன்னு தெரியும். அது தப்புன்னு தெரியாமலே போயிட வேண்டாம்னு."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். பல நாள் அத்தை பேசவில்லை. என் அம்மா போய்ச் சமாதானம் செய்யப் பார்த்தார். "சமாதானம் எல்லாம் ஒண்ணும் வேண்டாம், அவர் மேல கோபம் இல்லை" என்றார் அத்தை. "அன்னைக்கு இன்னொரு ஆள் என் பக்கத்தில நின்னார்னு நினைச்சுட்டு இருந்தேன். யாரும் நிக்கலை. அதுக்குப் பழகிக்கக் கொஞ்சம் நாள் வேணும்." பிறகு ஒரு காலையில், "டீ போடவா?" என்று மாமாவைக் கேட்டார். மாமா தலையாட்டினார். அடுத்த வருஷம் அவர் இறந்தபோது, தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தது அத்தைதான்.

இரங்கல் கூட்டத்தில் பெரிய பெரிய தலைவர்கள் பேசினார்கள். அத்தையை முன்வரிசையில் உட்காரவைத்து, "தோழரின் துணைவியார்" என்று ஒவ்வொருவரும் குறிப்பிட்டார்கள். அவருடைய பட்டப்பெயரை அறிந்தவர்கள் அந்த மேடையில் யாரும் மிச்சமில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து மாத இதழின் புது ஆசிரியர் வந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன். மலர் ஒன்று போடுகிறார்களாம். பழைய இதழ்களைப் புரட்டியபோது அத்தையின் கட்டுரை கண்ணில் பட்டதாம்.

"எது?" என்று அத்தை கேட்டார். அவர் குரலில் அப்படி ஒரு ஆவலை நான் கேட்டதில்லை.

"குளிர்விதை முதல் அறுவடைக் கட்டுரைதான். என்ன ஒரு நடை. அந்தக் காலத்து உற்சாகம் அப்படியே இருக்கு."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அதில இருக்கறது தப்பு."

"தப்பா இருந்தா என்னங்க, அது ஒரு ஆவணம் மாதிரி."

"அப்ப ரெண்டாவது வருஷ அறிக்கையையும் பக்கத்திலேயே போடுங்க. அதுவும் ஆவணம்தான்."

புது ஆசிரியர் சங்கடமாகச் சிரித்தார். பக்கம் பற்றாக்குறை என்றார். பிறகு, கெஞ்சுவதுபோலச் சொன்னார்: "உங்களுக்கே தெரியாது, அந்தக் கட்டுரைக்கு எவ்வளவு மதிப்புன்னு. அதைப் படிச்சுட்டு மலையடிவாரத்துல ஒரு ஊர்ல மொத்தப் பேரும், ஒரு அடி விடாம, எல்லா நிலத்திலயும் குளிர்விதை போட்டாங்களாம். பெரியவங்க இன்னைக்கும் சொல்றாங்க."

அத்தை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விளைஞ்சுதா?"

"அது தெரியலைங்க" என்றார் புது ஆசிரியர். அவர் பாராட்டாகத்தான் சொன்னார், பாவம். கட்டுரை மலரில் வரவில்லை, அறிக்கையும் வரவில்லை.

அத்தை அந்த ஊரை விசாரித்துக் கண்டுபிடித்தார். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறித் தனியாகப் போனார். அந்த வயதில், முழங்கால் வலியோடு. பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பினார். நான் காத்துக்கொண்டிருந்தேன். முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

அந்த ஊரில் பலருக்கு எதுவும் நினைவில்லை. கடைசியில் களத்தில் தானியம் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் அனுப்பினார்கள். அந்தக் கட்டுரையை எழுதினது நான்தான் என்று அத்தை சொன்னதும், அவர் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டார். நீதானா அது என்று கேட்டார். அந்த வருஷம் ஊரில் ஒரு மணி விளையவில்லை. விதைக்கு வைத்திருந்ததும் போய்விட்டது. அவருடைய தம்பி குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரை உட்காரவைத்து அந்தக் கட்டுரையை ஊர் கூடிக் கேட்டது, எந்த இடத்தில் பெண்கள் அழுதார்கள், எந்த இடத்தில் அவர் முதலில் எழுந்து நின்று நான் போடுகிறேன் என்றார், எல்லாவற்றையும் அவர் சொன்னார். சொல்லிச் சொல்லித் திட்டினார். நிழலுக்குப் போகலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அத்தைக்கும் தோன்றவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தப்பு என்னுதுன்னு சொன்னேன். ரெண்டாவது வருஷம் என்ன ஆச்சுன்னு சொன்னேன். அதுக்கும் திட்டினார். தெரிஞ்சதும் ஓடி வந்து சொல்லியிருக்கணும், எங்க ஊருக்குப் பஸ் இல்லையான்னு கேட்டார். நியாயம்தானே? கட்சியில சொன்னேன், கட்சி கேக்கலைன்னு நான் உள்ளேயே உக்காந்துட்டேன்."

ஒரு முறத்தை எடுத்து விசிறிக்கொண்டார். 

"நல்லாத் திட்டினார்" என்றார் மறுபடியும். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தம் மட்டும் இல்லை. "நான் எழுதினதை ஒரு வரி விடாம ஞாபகம் வெச்சிருக்கார். என் எதிர்ல உக்காந்து, என் முகத்தைப் பார்த்து, இவ்வளவு நேரம் ஒருத்தர் என்கிட்ட பேசி எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா?"

அடுத்த வாரமும் வரச் சொன்னாராம் அவர். இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறதாம். போகப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"பின்னே?" என்றார் அத்தை. "குடையை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போகணும்."